முடிச்சுக்கு முன்னால் ஓரம்: பழைய கம்பளத்தைப் பழுதுபார்க்கப் பழகுவோருக்கு

பழைய கம்பளம் கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் நடுவில் இருக்கும் ஓட்டைக்குத்தான் போகும். அதற்கு என்ன நிறத்தில் நூல் வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். அந்த ஓட்டை பல வருடமாக அதே அளவில் இருந்திருக்கும். ஆனால் குஞ்சத்துப் பக்கம் குனிந்து பார்த்தால், யாராவது மிதிக்கும்போதெல்லாம் ஒன்றிரண்டு முடிச்சு உதிர்ந்துகொண்டிருப்பது தெரியும். வேலையை அங்கே தொடங்க வேண்டும். சேதம் பரவுவதை நிறுத்துவது முதலில், அழகு கடைசியில். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

எடுத்துக்காட்டுக்குத் துருக்கியில் கொன்யா வட்டாரத்துக் கிராமக் கம்பளம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். சுமார் 100 வருடப் பழசு. நீளம் ஒன்றரை மீட்டர், அகலம் ஒரு மீட்டர். முழுக்க ஆட்டுக் கம்பளி. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. முடிச்சுகள் பெரிதாக இருப்பதால் புதிதாகப் பழகுகிறவர் கண்ணுக்கும் ஊசிக்கும் அகப்படும். அதோடு பழுதுபார்க்கும் தொழிலுக்கே பேர்போன ஊர் ஒன்று அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. கொன்யாவிலிருந்து அக்சராய் போகிற வழியில், 1229-இல் கட்டிய செல்ஜுக் காலத்துச் சத்திரத்தைச் சுற்றி வளர்ந்த சுல்தான்ஹனி என்ற சிற்றூர் அது. பல நாடுகளிலிருந்து கிழிந்த கம்பளங்கள் அங்கே வந்து சேர்கின்றன, தைத்துத் திரும்பிப் போகின்றன. உங்களிடம் இருப்பது வளைகுடாவில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த ஈரான் கம்பளமாகவோ, காஷ்மீர்க் கம்பளமாகவோ இருந்தாலும் வேலையின் வரிசை மாறாது. முடிச்சும் அடிநூலும்தான் மாறும்.

புரட்டிப் பாருங்கள்

கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு முதுகைப் பாருங்கள். முதுகில் துணி ஒட்டியிருந்து, அதற்கடியில் காய்ந்த பசை பொடியாக உதிர்ந்தால் அது டஃப்டட் விரிப்பு, அதாவது முடிச்சுப் போடாமல் துணியில் நூலைக் குத்திப் பசையால் ஒட்டியது. அதை மூடிவைத்துவிடலாம், இந்த முறை அதற்குப் பொருந்தாது. அடுத்தது குஞ்சம். கைத்தறிக் கம்பளத்தில் பாவு நூலே வெளியே நீண்டு குஞ்சமாக வந்திருக்கும். குஞ்சத்தைத் தனியாக மெஷினில் தைத்திருந்தால் கம்பளமே மெஷினில் நெய்ததாக இருக்கலாம், அல்லது ஏற்கனவே யாரோ கைவைத்திருக்கிறார்கள். முதுகில் ஒவ்வொரு முடிச்சும் தனித்தனிப் புள்ளியாக, வரிசை கொஞ்சம் கோணலாக, சில இடத்தில் தடித்தும் சில இடத்தில் மெலிந்தும் தெரிந்தால் கைவேலை.

பாவு என்பது நீளவாட்டு நூல், ஊடை என்பது குறுக்கு நூல். நம் தறிக்காரர்கள் சொல்வதும் இதுதான். பாவில் கம்பளி நூலைச் சுற்றி முடிச்சுப் போடுகிறார்கள். ஒரு வரிசை முடிந்ததும் ஊடையைக் கோர்த்துச் சீப்பால் அடித்து இறுக்குகிறார்கள். முடிச்சுகளின் வெட்டிய நுனிகள்தான் நாம் கால் வைக்கிற பரப்பு. அதை மேல்கம்பளி என்று சொல்லிக்கொள்வோம். அதைக் கையால் இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், மறுபக்கம் எதிர்த்து நிற்கும். வழுக்கிப் போகிற திசையில் இருக்கும் முனைதான் நெசவாளர் நெசவைத் தொடங்கிய முனை. ஒரு துண்டுக் காகிதத்தில் அம்புக்குறி போட்டு அந்தப் பக்கம் குத்திவையுங்கள். தூசி எடுப்பதிலிருந்து முடிச்சுப் போடுவது வரை இந்தத் திசை தேவைப்படும்.

முடிச்சு எந்த வகை என்று பார்க்க, கம்பளத்தை அகலவாட்டில் லேசாக மடித்து, மேல்கம்பளியை விரலால் பிளந்து அடியைப் பாருங்கள். இரண்டு பாவு நூல்களின் மேல் ஒரு பட்டை குறுக்கே படுத்திருந்து, இரண்டு நுனியும் அந்தப் பட்டைக்குக் கீழே நடுவிலிருந்து சேர்ந்து வந்தால் அது துருக்கி முடிச்சு. ஒரு பாவை மட்டும் சுற்றிக்கொண்டு, பக்கத்துப் பாவின் அடியில் நுழைந்து, நுனிகள் தனித்தனி இடைவெளியில் வெளியே வந்தால் பாரசீக முடிச்சு. துருக்கி, காக்கேசியா கம்பளங்களில் பொதுவாக முதல் வகை. ஈரானின் காஷான், இஸ்ஃபஹான், கெர்மான், கோம் ஊர்க் கம்பளங்களில் இரண்டாவது வகை. தப்ரீஸ் ஈரானில் இருந்தாலும் அங்கே துருக்கி முடிச்சுதான், அதனால் ஊர்ப் பெயரை நம்பாமல் பிரித்துப் பாருங்கள்.

இன்னொரு சோதனை காதுக்கு. பருத்திப் பாவு போட்ட கம்பளம், பூந்தொட்டிக்கு அடியிலோ ஓதம் ஏறிய தரையிலோ பல வருடம் கிடந்திருந்தால் நூல் இற்றுப்போயிருக்கும். சந்தேகப்படும் இடத்தைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக, மிக மெதுவாக மடியுங்கள். மெல்லிய நொறுங்கல் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அந்தக் கம்பளத்தைக் கழுவவும் கூடாது, இழுத்துக் கட்டவும் கூடாது.

இதெல்லாம் முடிந்ததும் முன்னும் பின்னும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவையுங்கள். சேதமான ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் ஒரு அடிக்கோலை வைத்துப் படமெடுத்தால், அடுத்த வருடம் அது பெருத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

தூசியும் பூச்சியும்

மேல்கம்பளியின் அடிவேரில் இறங்கிக் கிடக்கும் மணல்தான் கம்பளத்தை அறுக்கிறது. ஒவ்வொரு மிதியிலும் கூரான துகள் நூலைத் தேய்க்கும். கம்பளத்தைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, முதுகில் உள்ளங்கையால் தட்டுங்கள். பிரம்பால் அடித்துத் துவைக்க வேண்டாம், கொடியில் போட்டு உதறவும் வேண்டாம். பழைய பாவு உதறலைத் தாங்காது. பிறகு தூக்கி நகர்த்தினால் தரையில் மாவு மாதிரி ஒரு படலம் இருக்கும். பெருக்கிவிட்டு மறுபடி தட்டுங்கள், தரையில் ஏதும் விழாத வரைக்கும். வேக்குவம் கிளீனர் பயன்படுத்தினால் சுழலும் பிரஷ் இல்லாத குழாயைப் போடுங்கள். குழாய் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். மேல்கம்பளி படுத்திருக்கும் திசையில் மட்டும் இழுங்கள். குஞ்சத்துக்குப் பக்கத்தில் குழாயைக் கொண்டுபோகவே வேண்டாம்.

தூசி எடுக்கும்போதே பூச்சியைத் தேடுங்கள். சோபாவுக்கு அடியில், பீரோ ஓரத்தில், வருடக்கணக்கில் நகராமல் கிடந்த பகுதியில்தான் அந்துப்பூச்சி குடியிருக்கும். பறக்கிற பூச்சி கம்பளியைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. வெள்ளையாக மெல்லிய பட்டுக்கூடு, அதைச் சுற்றி மணல் மாதிரி உருண்டைகள் இருக்கும். அந்த உருண்டைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் சிவப்புப் பூவைத் தின்ற இடத்தில் சிவப்பாகவும், நீலத்தைத் தின்ற இடத்தில் நீலமாகவும் இருக்கும். புழுவின் கழிவு அது, சாயத்தோடு அப்படியே வெளியே வருகிறது. பருத்திப் பாவு போட்ட ஈரான் கம்பளத்தில் மேல்கம்பளி மட்டும் போய், அடிநூல் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். நம் கொன்யா கம்பளத்தில் எல்லாமே கம்பளி என்பதால் அடிநூலும் சேர்ந்து போகும்.

நாப்தலின் உருண்டையும் வேப்பிலையும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் முட்டையையும் புழுவையும் அவை ஒழித்துவிடும் என்று நம்ப முடியாது. நாப்தலின் வாடை மனிதருக்கும் நல்லதல்ல. ரசாயனம் இல்லாத வழி குளிர்தான். கம்பளத்தைச் சுருட்டிப் பாலிதீனில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இயங்கும் பெட்டி ஃப்ரீஸரில் 2 வாரம் வையுங்கள். எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. அறையின் வெப்பத்துக்கு வரும் வரை, ஒரு நாள் ஆனாலும், அப்படியே விட்டுவிடுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த கம்பளி மேல் வியர்த்து நிற்கும். ஃப்ரீஸருக்குள் அடங்காத பெரிய கம்பளம் என்றால், பூச்சி ஒழிக்கும் நிறுவனத்திடம் கம்பளி, பட்டுக்கு ஏற்ற முறை எது என்று கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கழுவலாமா?

கழுவாமல் இருக்க ஏதாவது காரணம் கிடைத்தால் கழுவாதீர்கள், அதுதான் என் கட்சி. பழுதுபார்க்கும் முன் அழுக்குப் போக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கிழிந்த ஓரத்தோடு தண்ணீரில் போட்டால் ஓரம் இன்னும் அவிழும், சாயம் ஓடினால் திரும்பப் பிடிக்க முடியாது.

சாயத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கொன்யா கிராமங்களில் சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர், நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்குச் செடி கொடிகள், பழுப்புக்கு வால்நட் தோல் என்று காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். படிக்காரத்தில் ஊறவைத்துச் சாயமேற்றிய வேர்ச் சிவப்பு எளிதில் ஓடாது. லண்டனில் வில்லியம் பெர்கின் 1856-இல் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தபின், சில பத்தாண்டுகளுக்குள் மலிவான சாயப்பொடிகள் கிழக்கத்திய சந்தைகளுக்கும் வந்துவிட்டன. அந்த ஆரம்பக் காலச் சாயங்கள் சில வெயிலில் வெளுத்தன, சில தண்ணீரில் ஓடின. மேல்கம்பளியைப் பிளந்து பாருங்கள். நுனி சாம்பலாகவும் வேர் பளிச்சென்று ஊதாவாகவும் இருந்தால் அந்த வகைச் சாயம்தான்.

ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சோதியுங்கள். பஞ்சைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, ஒரு நிறத்தின் மேல் வைத்து, அதன்மேல் வெள்ளைத் துணி வைத்துச் சில நிமிடம் அழுத்துங்கள். அடுத்து, எந்த சோப்பில் கழுவ நினைக்கிறீர்களோ அதைக் கலந்த தண்ணீரில் இதையே செய்யுங்கள். துணியில் லேசாகச் சாயம் ஏறினால்கூடக் கழுவும் யோசனையை விட்டுவிடலாம். இதில் இன்னொரு குட்டும் வெளிப்படும். தேய்ந்துபோன இடத்தில் வெள்ளைப் பாவு தெரியாமல் இருக்க ஸ்கெட்ச் பேனாவால் தீட்டி விற்பது கம்பள வியாபாரத்தில் பழைய தந்திரம். ஈரத்துணியில் அந்த மை அழகாக வந்துவிடும். வாங்குவதற்கு முன்பே இதைச் செய்து பார்ப்பவர் புத்திசாலி.

சாயமும் நூலும் தேறிவிட்டன, கம்பளமும் சின்னது என்றால் மொட்டை மாடியில் கழுவலாம். முனைகளைத் தற்காலிகமாக ஒரு தையல் போட்டுக் கட்டிக்கொண்டு, சாய்வான சுத்தமான தரையில் விரித்து, பச்சைத் தண்ணீரில் கம்பளிக்கென்று விற்கும் மிதமான திரவ சோப்பைக் கொஞ்சமாகக் கலந்து, பஞ்சால் ஒற்றியபடி மேல்கம்பளியின் திசையில் தள்ளுங்கள். துணி துவைக்கும் பவுடரும், கறை நீக்கும் என்சைம் கலந்த சோப்பும், சோடாவும், ப்ளீச்சும் ஆகவே ஆகாது. கம்பளியும் புரதம்தான், புரதக் கறையைக் கரைக்கிற என்சைம் கம்பளியையும் விட்டுவைக்காது. ஓடும் தண்ணீர் தெளியும் வரை அலசி, மரப்பலகையின் விளிம்பால் தண்ணீரை வழித்துத் தள்ளி, பழைய துண்டுகளில் உருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் தரையோடு விரித்து மின்விசிறி போட்டுக் காயவையுங்கள். ஈரக் கம்பளத்தைக் கைப்பிடிச் சுவரில் தொங்கப்போட்டால் அதன் பாரமே பாவை அறுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். ஒரு நாளில் காயாத கம்பளத்தில் பூஞ்சை பிடிக்கும்.

நூல் வாங்கும்போது

கருவிகள் அதிகம் வேண்டாம். மொட்டை முனை ஊசி இரண்டு மூன்று அளவில், வளைந்த ஊசி ஒன்று, ஊசியைப் பிடித்து இழுக்கத் தட்டை மூக்குக் குறடு, விரல் உறை, சின்னக் கத்தரி, நுனி வளைந்த கத்தரி ஒன்று, தேன்மெழுகு, துருப்பிடிக்காத குண்டூசிகள், ஒரு மரச்சட்டம். ஊடையைத் தட்டி இறுக்கச் சாப்பிடும் முள்கரண்டியே போதும்.

நூல்தான் சிக்கல். நம் ஊர்க் கடைகளில் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்கைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், கரி விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகி, கெட்டி மணியாக உறைந்துவிடும். பின்னுவதற்கான மென்மையான மெரினோ கம்பளியும் ஒத்துவராது, சீக்கிரம் படுத்துவிடும். கொஞ்சம் முரட்டு நூல் வேண்டும். துருக்கிப் பழுதுக்காரர்கள் சரிசெய்ய முடியாத அளவுக்குக் கிழிந்த பழைய கிலிம் (மேல்கம்பளி இல்லாமல் தட்டையாக நெய்தது) விரிப்புகளைப் பிரித்து அந்த நூலையே எடுத்துக்கொள்கிறார்கள். வயதும் சாயமும் ஒத்துப்போவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. உங்களுக்கு அது கிடைக்காவிட்டால் சித்திர நெசவுத் தையலுக்கென்று விற்கும் கம்பளி நூல் பரவாயில்லை.

நிறம் பார்ப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நூற்கண்டைக் கம்பளத்தின் மேல் வைத்துப் பார்த்தால் எப்போதும் தப்பாகத்தான் முடியும். கம்பளத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது நூலின் பக்கவாட்டு அல்ல, வெட்டிய நுனி. நுனி எப்போதும் பக்கவாட்டைவிடக் கருத்துத் தெரியும். அதனால் சில இழைகளைச் சேர்த்துப் பிடித்து, நுனியை வெட்டி, அந்த வெட்டிய முகத்தைக் கம்பளத்தின் முகத்தோடு வைத்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம். டியூப்லைட்டில் பொருந்திய சிவப்பு காலையில் பார்த்தால் வேறு சிவப்பாக நிற்கும். ஒரே சிவப்பு என்று நினைத்த தரையில் பட்டை பட்டையாக மூன்று நான்கு சிவப்பு இருப்பதும் சகஜம். நெசவாளர் ஒரு முறை காய்ச்சிய சாயம் தீர்ந்து அடுத்ததைக் காய்ச்சியிருப்பார். அதைச் சமன் செய்யப் போகாதீர்கள். எந்தப் பட்டையில் ஓட்டை இருக்கிறதோ அந்தப் பட்டையின் சிவப்பைப் பிடியுங்கள்.

முனையைக் கட்டுவது

இதுதான் முதல் தையல். இது மட்டும் தெரிந்தால்கூடப் பாதிக் கம்பளங்களைக் காப்பாற்றிவிடலாம். குஞ்சம் தேய்ந்து, கடைசி ஊடை நழுவி, முடிச்சுகள் பிடிமானமில்லாமல் நிற்கும் முனையை மேசை விளிம்பில் தட்டையாக வையுங்கள். எதையும் வெட்ட வேண்டாம். தானாகவே கழன்று வரும் முடிச்சுகளை மட்டும் எடுத்து ஒரு உறையில் போட்டுவையுங்கள், பின்னால் நிறம் பார்க்க உதவும். முழு வரிசையாக ஊடை ஓடுகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதுதான் உங்கள் கோடு.

முறுக்கேறிய பருத்தி நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள். முதுகுப் பக்கத்திலிருந்து, ஓரத்துக்கு உள்ளே 2 செ.மீ. தள்ளி நூலை நுழைத்து, முடிச்சுப் போடாமல் ஊடைகளுக்கு நடுவில் ஓட்டி மறைத்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு அல்லது மூன்று பாவுக்கு ஒருமுறை ஊசி இறங்க வேண்டும். விளிம்பைச் சுற்றி வரும் நூலின் கண்ணிக்குள் ஊசியை நுழைத்து இழுத்தால் விளிம்பில் ஒரு பூட்டு விழும். போர்வை ஓரத்தில் போடுகிற அதே தையல்தான். ஊசி ஒருமுறை இரண்டு வரிசை ஆழத்திலும், அடுத்தமுறை நான்கு வரிசை ஆழத்திலும் மாறி மாறி இறங்கட்டும். எல்லாத் தையலும் ஒரே ஊடையைப் பிடித்தால் பாரம் முழுக்க அந்த ஒரு இழையில் விழுந்து, கிழிசல் அந்தக் கோட்டிலேயே நேராக ஓடிவிடும். பாவுக்கு நடுவில்தான் ஊசி இறங்க வேண்டும், பாவைத் துளைக்கக் கூடாது. மொட்டை முனை ஊசி அதற்காகத்தான். நூலைச் சுண்டி இழுக்காதீர்கள். முனை சுருங்கி அலையடித்தால் அந்தப் பகுதியைப் பிரித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

இந்த இடத்தில் குறுக்குவழிகள் நிறைய சொல்வார்கள். ஃபெவிகால் தடவலாம், இஸ்திரி போட்டு ஒட்டும் நாடா வைக்கலாம், டெய்லரிடம் கொடுத்து மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டலாம், புதுக் குஞ்சம் வாங்கித் தைக்கலாம் என்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். மெஷின் ஊசி எதிர்ப்படும் நூலையெல்லாம் குத்திக் கிழித்துக்கொண்டு போகும். பசை காய்ந்து கெட்டியானபின் எடுக்கப் போனால் கம்பளியும் சேர்ந்து வரும். நாளைக்கு இன்னொருவர் பிரித்துவிட்டு நன்றாகச் செய்ய முடிகிற மாதிரிதான் இன்றைக்கு நாம் தைக்க வேண்டும்.

நீளவாட்டு ஓரம்

இரண்டு பக்க ஓரத்திலும் கடைசிப் பாவுகளைக் கம்பளியால் சுற்றியிருப்பார்கள். காலும் துடைப்பமும் முதலில் தேய்ப்பது அதைத்தான். சுற்று தேய்ந்து பாவு வெளியே தெரிந்தால், அதே நிறக் கம்பளியால் நெருக்கி நெருக்கிச் சுற்றிக்கொண்டே வாருங்கள். கொன்யா கம்பளங்களில் பெரும்பாலும் ஓரம் தட்டையாக, பல பாவுகளைச் சேர்த்து மேலும் கீழுமாகப் பின்னியபடி இருக்கும். ஈரான் கம்பளங்களில் உருண்டைக் கயிறு மாதிரி இருக்கும். எது இருந்ததோ அதையே செய்யுங்கள். நல்ல நிலையில் மிச்சம் இருக்கும் ஓரத்தில் ஒரு சாண் பார்த்தால் முறை புரிந்துவிடும். பாவே அறுந்திருந்தால் அதே தடிமனில் புது நூலை வைத்து, இரண்டு பக்கமும் நல்ல பகுதிக்குள் 5 செ.மீ. வரை ஓட்டிவிட்டு, அதன்மேல் சுற்றுங்கள்.

மேல்கம்பளி போன இடம்

அடிநூல் முழுசாக இருந்து, முடிச்சு மட்டும் போன இடத்தில்தான் புதியவர் முடிச்சுப் போட்டுப் பழக வேண்டும். உங்கள் கொன்யாவில் இல்லை, சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஒரு கிழிந்த கம்பளத்தில். கை பழகியபின் இதற்கு வரலாம்.

முதலில் வரைபடம். போன பூவின் ஜோடி எங்கேயாவது இருக்கும். எதிர்மூலையில், அல்லது அதே கரையில் நான்கு பூ தள்ளி. அதை முதுகுப் பக்கத்திலிருந்து முடிச்சு முடிச்சாக எண்ணி, கட்டம் போட்ட தாளில் ஒரு முடிச்சுக்கு ஒரு கட்டமாக நிறம் தீட்டிக்கொள்ளுங்கள். கிராம நெசவில் இரண்டு பூ அச்சாக ஒன்றுபோல் இருக்காது, அதனால் ஓட்டையின் விளிம்பில் மிச்சமிருக்கும் கோடுகளோடு சேருகிறதா என்று பார்த்துத் தாளைத் திருத்திக்கொள்ளுங்கள்.

சேதமான பகுதியை மரச்சட்டத்தில் குண்டூசியால் இழுத்துக் கட்டுங்கள். மேளத்தோல் அளவுக்கு விறைப்பு வேண்டாம். நெசவைத் தொடங்கிய முனை உங்கள் வயிற்றுப் பக்கம் இருக்கட்டும், வேலை கீழ் வரிசையிலிருந்து மேலே போகும். துருக்கி முடிச்சு இப்படி: பக்கத்துப் பக்கத்துப் பாவு இரண்டில் இடது, வலது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஊசியை இறக்குங்கள், 2 செ.மீ. வால் மேலே நிற்கட்டும். ஊசி இடது பாவின் அடியில் போய் அதன் இடது பக்கம் மேலே வரட்டும். அங்கிருந்து இரண்டு பாவுக்கும் மேலாகக் குறுக்கே வலது பக்கம் கொண்டுபோங்கள். வலது பாவைத் தாண்டி இறக்கி, அதன் அடியில் கொண்டுவந்து, மறுபடி நடு இடைவெளியில் மேலே எடுங்கள். இப்போது இரண்டு நுனியும் குறுக்குப் பட்டைக்குக் கீழே, நடுவில் சேர்ந்து நிற்கும். இரண்டையும் பிடித்து உங்களை நோக்கிக் கீழே இழுத்து இறுக்குங்கள், வெட்டுங்கள். அல்தாய் மலையில் 1949-இல் தோண்டி எடுத்து, இன்று ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பாஸிரிக் கம்பளம் ஏறத்தாழ 2,400 வருடம் பழையது. அதில் இருப்பதும் இதே முடிச்சுதான்.

வரிசைக்கு வரிசை அளவாக வெட்டிக்கொண்டு போகாதீர்கள். எல்லா முடிச்சும் நீட்டிக்கொண்டே இருக்கட்டும். முழுக்க முடிந்தபின் லேசாக ஈரத்துணியால் ஒற்றி, சீவி, ஒரு நாள் விடுங்கள். அப்புறம் வளைந்த கத்தரியைக் கம்பளத்தோடு படுக்கவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரியுங்கள். சுற்றியிருப்பது 100 வருடம் மிதிபட்ட கம்பளி, அது நீங்கள் நினைப்பதைவிடக் குட்டையாக இருக்கும். கடைசி ஒரு மில்லிமீட்டரை அடுத்த நாள் வெட்டலாம்.

ஒன்றை மட்டும் நிரப்பாதீர்கள். துருக்கிக் கம்பளங்களில் கறுப்பு, கரும்பழுப்புக் கோடுகள் மற்ற நிறங்களைவிடத் தாழ்ந்து பள்ளமாக இருக்கும். இரும்பு உப்பு சேர்த்துக் காய்ச்சிய சாயம் கம்பளியை உள்ளிருந்தே அரித்துவிடுவதால் வருவது அது. அதனால் சிவப்புப் பூக்கள் புடைத்து நிற்கும். பழையதை விரும்பி வாங்குகிறவர்கள் தேடிப் பார்ப்பதே அதைத்தான்.

பாவும் ஊடையும் போன ஓட்டை

விரல்நுனி அளவு ஓட்டை என்றால் பொறுமைசாலி முயலலாம். அதே பொருளில், அதே முறுக்கில் நூல் எடுங்கள். கம்பளிப் பாவுக்குக் கம்பளி, பருத்திக்குப் பருத்தி. ஓட்டைக்கு 2, 3 செ.மீ. தள்ளி நல்ல பகுதியில் ஊசியை நுழைத்து, பழைய பாவு போன தடத்திலேயே ஓட்டி, ஓட்டையைக் கடந்து, எதிர்ப்பக்கமும் அதே அளவு உள்ளே போங்கள். அடுத்த பாவு கொஞ்சம் நீளமாக, அதற்கடுத்தது கொஞ்சம் குட்டையாக நுழையட்டும். எல்லாம் ஒரே இடத்தில் முடிந்தால் அங்கே தழும்பு மாதிரி மேடு தட்டும். பாவு நிரம்பியதும் ஊடையையும் பக்கவாட்டில் இப்படியே கோர்த்து, ஒரு முடிச்சு வரிசை, பிறகு ஊடை என்று மேலே போகலாம். உள்ளங்கையைவிடப் பெரிய ஓட்டையை நான் புதியவரிடம் கொடுக்க மாட்டேன். அடியில் ஒத்த நிறப் பருத்தித் துணியை வைத்து, ஓட்டையின் விளிம்புகளை நீள நீளத் தையலால் துணியோடு பிடித்துவைத்தால் போதும். பார்க்கிறவருக்கு ஓட்டை தெரியும், தெரியட்டும்.

இன்னொரு கம்பளத்தை வெட்டி ஒட்டுப்போடும் வழக்கமும் உண்டு. அதன் பெரிய உதாரணம் ஈரானின் அர்தபில் ஜோடி. ஹிஜ்ரி 946, அதாவது கி.பி. 1539-40 என்று நெசவிலேயே தேதி போட்ட கம்பளங்கள் அவை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒன்றின் துண்டுகளை எடுத்து இன்னொன்றை முழுமையாக்கினார்கள். முழுமையானதை 1893-இல் 2,000 பவுண்டுக்கு லண்டன் அருங்காட்சியகம் வாங்கியது. இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் என்று பெயர் கொண்ட அந்த அருங்காட்சியகத்தில்தான் அது இருக்கிறது. கரையை இழந்த மற்றது லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றைக்கு எந்த அருங்காட்சியகமும் அப்படிச் செய்யத் துணியாது. வீட்டிலும் அதைச் செய்ய அவசியமில்லை.

பழுதுக்குப் பிறகு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள், நடை ஒரே இடத்தில் விழாது. அடியில் நழுவாத மெத்தை விரிப்பு வேண்டும். வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே போட்டால் திரை போடுங்கள். எடுத்து வைப்பதாக இருந்தால் மடிக்காமல், பருத்தித் துணி சுற்றிய குழாய் மேல், மேல்கம்பளி வெளியே பார்க்கச் சுருட்டுங்கள். பாலிதீன் வேண்டாம். சலவை செய்த பழைய வேட்டி போதும். எப்போதாவது பிரித்து முதுகைப் பாருங்கள்.

நீங்கள் தொடமுடியாத வேலையை வெளியே கொடுக்கும்போது, ஏற்கனவே பழுதுபார்த்த ஒரு கம்பளத்தைக் காட்டச் சொல்லி அதன் முதுகைப் பாருங்கள். முதுகில் ஊடை வரிசைகள் பழைய பகுதியிலிருந்து புதிய பகுதிக்கு நெளியாமல் ஓடினால் நல்ல கை. என்ன நூல், எந்த இடம், எத்தனை செ.மீ. என்று எழுதி வாங்குங்கள். கம்பளத்தைக் கழுவித்தான் வேலை தொடங்குவோம் என்றால், எதில் கழுவுவார்கள், சாயச் சோதனை செய்வார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.